டிரெயில் மேப்பில் இல்லாத பாதை: மண்டபத்திலிருந்து மலையகம் வரை

கொஞ்ச நாளா இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "ப்ரோ, இலங்கையில பீக்கோ டிரெயில் போகலாமா? வொர்த்தா?" போகலாம், தாராளமா போகலாம். ஆனா அந்தப் பாதையை நான் கண்டியில இருந்து தொடங்கப் போறதில்ல. எங்க ராமநாதபுரம் மாவட்டத்துல இருந்து தொடங்குறேன். ஏன்னு போகப் போக உங்களுக்கே புரியும்.

ராமேஸ்வரம் ரயில்ல போனவங்க கவனிச்சிருப்பீங்க. பாம்பன் பாலம் வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். பேரு மண்டபம் கேம்ப். எல்லாரும் பாலத்தை வீடியோ எடுக்க போனைத் தயார் பண்ணிட்டு இருப்போம், அதனால இந்தப் பேரு கண்ணுல படாது. என்ன கேம்ப் அது? இன்னைக்குக் கேட்டா அகதி முகாம்னு சொல்வாங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடி, இலங்கைத் தோட்டங்களுக்குப் போற தொழிலாளர்களை நிறுத்தி வெச்சு, காலரா, அம்மை இருக்கான்னு பார்த்து, அதுக்கப்புறம் கப்பல் ஏத்தின இடம் அது.

1914-ல பாம்பன் பாலம் திறந்தாங்க. அதே வருஷம் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் ஓட ஆரம்பிச்சுது. சென்னையில ரயில் ஏறி, நடுவுல கப்பல் மாறி, மறுபடி ரயில் பிடிச்சு கொழும்பு போயிடலாம். போட் மெயில்னு பேரு. கடல்ல வெறும் 30 கிலோமீட்டர் சொச்சம்தான்.

சரி, 1914-க்கு முன்னாடி எப்படிப் போனாங்க? ஆரம்ப காலத்துல பெரும்பாலும் நடந்துதான்.

1820-கள்ல கண்டி பக்கம் ஆங்கிலேயர்கள் காபித் தோட்டம் போட ஆரம்பிச்சாங்க. அதுக்கு ஆள் போனது நம்ம ஊர்ப் பக்கத்துல இருந்து. ராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர்னு வானம் பார்த்த பூமியும் பஞ்சமும் கடனும் இருந்த ஊர்கள். கங்காணி முன்பணம் கொடுப்பார். அந்தக் கடனை எழுதின சீட்டுக்குத் "துண்டு"ன்னு பேரு. கடன் தீராம அடுத்த தோட்டத்துக்கு மாற முடியாது. படகுல மன்னார் பக்கம் இறங்கி, அங்கேருந்து காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடை. யானை, சிறுத்தை, தண்ணி இல்லாத வறண்ட காடு, மலேரியா. நோயில விழுந்தவங்களைத் தூக்கிட்டுப் போக வழியில்லாம விட்டுட்டுப் போன கதைகளை மலையகத்துல தலைமுறை தலைமுறையா சொல்றாங்க. எத்தனை பேர் செத்தாங்கன்னு ஆய்வாளர்களுக்குள்ள வாதம் இருக்கு. நிறையப் பேர் செத்தாங்கங்கிறதுல வாதமே இல்ல.

2023-ல, இந்த 200 வருஷத்தை நினைச்சு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் மறுபடி நடந்தாங்க. ஜூலை 28-ல கிளம்பி ஆகஸ்ட் 12-ல முடிச்சாங்க. சுமார் 250 கிலோமீட்டர். ரோடு இருக்கு, தண்ணி இருக்கு, ஆம்புலன்ஸ் வசதி இருக்கிற காலத்துலயே அது 16 நாள் நடை. அன்னைக்கு இடுப்புல குழந்தையோட, தலையில மூட்டையோட நடந்தவங்களை யோசிச்சுப் பாருங்க.

இப்போ டிரெயிலுக்கு வருவோம். பீக்கோ டிரெயில் மொத்தம் 22 கட்டம், 300 கிலோமீட்டருக்கு மேல. கண்டிக்கு மேல ஹந்தானையில, தேயிலை அருங்காட்சியகம் இருக்கிற பக்கத்துல தொடங்கி, நுவரெலியாவுல முடியுது. முதல் கட்டம் ஹந்தானையிலிருந்து கலஹா. ஒரு பக்கம் மலைமுகடு, மானாப்புல், பைன் மரம், நடுநடுவே காடு. இன்னொரு பக்கம் தேயிலை. மதியத்துக்கு மேல மூடுபனி இறங்கினா பத்தடி தள்ளி நிக்கிற ஆள் தெரியாது. மழை பெஞ்சா அட்டை ஏறும். நீளமான சாக்ஸ் போட்டுக்கோங்க, கொஞ்சம் உப்பு வெச்சுக்கோங்க. மழை குறைவா இருக்கிற ஜனவரி – மார்ச் நல்ல நேரம்.

அடுத்த கட்டத்துல லூல்கந்துர வரும். 1867-ல ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர்ல தேயிலை போட்ட தோட்டம் அதுதான். ரெண்டு வருஷம் கழிச்சு, 1869-ல, காபி இலையில துருநோய் வந்து காபித் தோட்டங்களே அழிய ஆரம்பிச்சுது. அந்த இடத்தைத் தேயிலை பிடிச்சுது. காபிக்கு அறுவடை சீசன்ல போயிட்டு ஊர் திரும்பலாம். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்கணும். போனவங்க அங்கேயே தங்கிட்டாங்க. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில.

நீங்க நடக்கப் போற அந்தப் பாதையில பெரும்பகுதி, கொழுந்து மூட்டையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக வெட்டின தோட்ட ரோடுதான். அதை வெட்டின கைகள் இந்தப் பக்கத்துல இருந்து போனவை.

1948-ல சுதந்திர இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால, இவங்க பெரும்பாலானவங்க நாடில்லாதவங்க ஆனாங்க. 1964 அக்டோபர்ல சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரிச்சாங்க. ரெண்டே மாசத்துல, டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிச்சுது. அதுக்கப்புறம் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடுச்சு. அந்தக் கப்பல்லதான் பல பேர், பார்த்தே இராத "சொந்த ஊருக்கு" திரும்பி வந்தாங்க. வந்து இறங்கினதும் மண்டபம் கேம்ப். அங்கேருந்து நிறையப் பேர் நீலகிரிக்குப் போனாங்க, மறுபடி தேயிலைக்கே. இலங்கையில மிச்சம் இருந்தவங்க விவகாரம் 2003-ல வந்த சட்டத்துலதான் முடிவுக்கு வந்துச்சு.

"ப்ரோ, ட்ரெக்கிங் போறவனுக்கு இவ்வளவு ஹிஸ்டரி எதுக்கு?" நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். வெளிநாட்டுல இருந்து வர்ற டிராவலர் அங்கே கொழுந்து எடுக்குற அம்மாவைப் பார்த்தா, அவருக்கு அது ஒரு அழகான போட்டோ. உங்களுக்கு அப்படி இல்ல, ஏன்னா உங்களுக்கு அவங்க பேசுற மொழி தெரியும். "அம்மா, உங்க பூர்வீகம் எந்தப் பக்கம்?"னு கேட்க முடியும். அவங்க சொல்ற ஊர் உங்க தாத்தாவோட பக்கத்து ஊரா இருக்கலாம்.

அதனால மூணு விஷயம். போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க. கைடும் தங்குற இடமும் முடிஞ்சவரைக்கும் அந்தத் தோட்டத்து இளைஞர்கள்கிட்டயே எடுங்க. நாள் சம்பளம் 1,000 இலங்கை ரூபாய் ஆனதே 2021-லதான், குடியிருக்கிற வீட்டு நிலம் பெரும்பாலானவங்களுக்கு இன்னும் சொந்தமில்ல. நீங்க கொடுக்கிற காசு எந்தக் கைக்குப் போகுதுங்கிறது அங்கே பெரிய விஷயம். மூணாவது, லயன் வீடுகள் நடுவுல பாதை போகும்போது அது ஒருத்தங்க வாசல்னு ஞாபகம் வெச்சு நடங்க.

தலைமன்னாருக்கு இப்போ இங்கேருந்து கப்பல் கிடையாது. ஃபிளைட் எடுக்கலாம். இல்லன்னா நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, ஓடுதான்னு பார்த்துட்டு பிளான் பண்ணுங்க. பர்மிட், செலவு, பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அடுத்த எபிசோடுல விவரமா பேசுறேன். உங்க வீட்டுல யாராவது "சிலோன் போனவங்க" இருந்தா, அதுக்குள்ள அவங்ககிட்ட உக்காந்து கேட்டு ரெக்கார்ட் பண்ணி வைங்க. அவங்க இருக்கும்போதே.