விசிறியை நிறுத்தாதீர்கள், மாற்றுங்கள்
(நாக்பூர் அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)

மே மாத வெயிலிலும் மின்கட்டணத்துக்குப் பயந்து விசிறியை நிறுத்திவிட்டு உட்காரும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அது சிக்கனமல்ல, ஆபத்து.

பழைய விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும்; பி.எல்.டி.சி. மோட்டார் விசிறிக்கு 30 வாட் போதும். தினம் 16 மணி நேரம் ஓடினால் மாதம் 21 யூனிட் மிச்சம். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் சுமார் 150 ரூபாய். வருஷத்தில் எட்டு மாதம் ஓட்டினாலும், 3,000 ரூபாய் முதல் இரண்டரை வருஷத்தில் திரும்பிவிடும். "அதுவரை நாம் இருக்க வேண்டாமா?" என்றாள் என் சகதர்மிணி. இருக்கத்தானே விசிறி!

பழைய பெட்டி ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் பெரிய மிச்சமில்லை, பெட்டிதான் சுடும். புது விசிறி போடும்போது எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி அதைக் கழற்றிவிடுங்கள். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், அதிக நேரம் ஓடும் படுக்கையறை விசிறியை முதலில் மாற்றுங்கள்.