உயிலில் ஒரு பங்கு, ஊர்ப் பிள்ளைகளுக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உயில். "நல்ல நாளும் அதுவுமா என்னப்பா இந்தப் பேச்சு?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. முப்பது வயதில் இன்ஷூரன்ஸ் பாலிசி எடுக்கிறோம். அதை யாரும் அபசகுனம் என்று சொல்வதில்லை. உயில் மட்டும் என்ன பாவம் செய்தது?

நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1754ல் பிறந்தவர் பச்சையப்ப முதலியார். பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர். பவுனி நாராயண பிள்ளை என்ற துபாஷி ஆதரவு கொடுத்து, தொழில் கற்க வழிசெய்தார். அந்தப் பையன் பின்னாளில் பெரும் செல்வம் சேர்த்தார். 1794 மார்ச்சில் கோயில் கைங்கரியங்களுக்கும் தருமங்களுக்கும் என்று உயில் எழுதினார். அதே மாதம் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பதுதான். இந்த அரங்கில் நம்மில் பலரும் அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு என்ன நடந்தது? தருமம் உடனே நடக்கவில்லை. பணம் வழக்கில் சிக்கிக்கொண்டது. ஆண்டுகள் உருண்டோடின. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முனைந்து நின்றதால், தருமங்களுக்குப் போக மீதியிருந்த தொகை கல்விக்கு என்று ஏற்பாடாயிற்று. 1842ல் சென்னையில் பச்சையப்பர் பெயரால் பள்ளி திறக்கப்பட்டது. அதுவே பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. கணிதமேதை இராமானுஜன் அங்கே படித்தார். அறிஞர் அண்ணா அங்கே பட்டம் பெற்றார்.

இதில் எனக்கு இரண்டு பாடங்கள் தெரிகின்றன. ஒன்று, ஒருவர் கைதூக்கிவிட்ட ஒரு பையனால் பல தலைமுறைகள் படித்தன. மற்றொன்று, உயில் எழுதியதற்கும் பள்ளி திறந்ததற்கும் இடையே 48 ஆண்டுகள். அத்தனை வருஷம் பிள்ளைகள் காத்திருக்க முடியுமா? ஆகவே எழுதினால் மட்டும் போதாது. நிறைவேறும்படி எழுத வேண்டும்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் சில அடிப்படை விஷயங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்திட, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். நிறைவேற்றுபவர் யார் என்று பெயர் குறிப்பிடுங்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் பாகத்தை மட்டுமே எழுத முடியும். முஸ்லிம் நண்பர்கள், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத இயலாது. "பாங்க்ல நாமினி போட்டாச்சு, அது போதும்" என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கித் தருபவர்தான். அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.

"எனக்கே ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க, வீட்டுக்கடன் இருக்கு" என்பீர்கள். நியாயம்தான். பிள்ளைகளுக்குரியதை எடுத்துக் கொடுக்கச் சொல்லவில்லை. நூற்றில் ஐந்து பங்கு, அல்லது ஒரு லட்சம் ரூபாய் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். ஒரு லட்சத்துக்கு ஆறு சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு ரூ.6,000. தனியாகப் பார்த்தால் சிறிய தொகை. பத்துப் பேர் எழுதினால் அதுவே ரூ.60,000. அசல் அப்படியே இருக்கும். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கட்டணமும் ஹாஸ்டல் மெஸ் பில்லும் வருஷாவருஷம் கட்டலாம். மெஸ் பில் பாக்கிக்காகப் படிப்பை நிறுத்திவிட்டுப் போனவர்கள் நம் ஒவ்வொருவர் வகுப்பிலும் இருந்தார்கள். அவர்கள் இன்று இந்தக் கூட்டத்தில் இல்லை.

சங்க நிர்வாகிகளுக்கும் உரிமையோடு ஒரு வேண்டுகோள். கொடுப்பவருக்கு நம்பிக்கை வேண்டும். இதற்கெனத் தனிக் கணக்கு வையுங்கள். வட்டியை மட்டும் செலவிடுவது, ஆண்டுதோறும் தணிக்கை செய்வது, உதவி பெறுபவரைப் பேராசிரியர்களும் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது என்று விதியை இப்போதே எழுத்தில் வையுங்கள். ஆண்டுவிழாச் சாப்பாட்டுச் செலவு இந்தக் கணக்கில் ஏறக்கூடாது! எழுதுபவர்களும் சங்கத்தின் பதிவுப் பெயரை முழுமையாகக் குறிப்பிடுங்கள். "ஏழை மாணவருக்கு" என்று மொட்டையாக எழுதாமல் எந்த வட்டாரம், எந்தச் செலவு என்று சொல்லுங்கள். வீட்டில் மனைவி மக்களிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். தெரிந்த விஷயத்துக்கு யாரும் பின்னால் வழக்குப் போடமாட்டார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களிடம் இன்று சொத்து இருக்காது. நாளை சம்பாதிப்பீர்கள். அப்போது இந்த ஒரு வரி உங்கள் நினைவுக்கு வந்தால் போதும்.