ரத்தம் வந்தால் மூலம்தானா?

(வணிகர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இந்த விஷயத்தை மேடையில் பேசலாமா என்று கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பிமார்களே தயங்கினார்கள். அந்தத் தயக்கம்தான் நோயாளியை டாக்டரிடம் போகவிடாமல் தடுக்கிறது. வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். மலம் கழிக்கும்போது ரத்தம் வருவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்து மணிவரை எழுந்திருக்காத ஜவுளிக்கடைக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிப்பதில்லை. வியாபார நேரத்தில் மலத்தை அடக்கிக்கொள்கிறார். இரவில் பரோட்டா, சால்னா. ஒருநாள் சிவப்பாக நாலு சொட்டு ரத்தம்! உடனே எங்கே போகிறார்? பஸ் நிலையச் சுவரில் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று ஒட்டியிருக்கும் விலாசத்துக்கு!

பெரும்பாலும் அது மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும். மறுக்கவில்லை. மூலத்தில் பொதுவாக வலியில்லாமல் ரத்தம் சொட்டும். வெடிப்பென்றால் கத்தியால் கீறியதுபோல் எரியும். காய்கறி, கீரை, போதிய தண்ணீர், முக்காமல் இருப்பது, இவற்றாலேயே பலருக்குக் குணமாகிவிடும்.

ஆனால் மூலம் உள்ளவருக்குக் குடலில் புற்றுநோய் வராது என்று யார் சொன்னது? இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். மலக்குடலில் உள்ள புற்றுக்கட்டியிலிருந்தும் இதே சிவப்பு ரத்தம் வரும். நிறத்தை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. டாக்டர் விரல்விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. பார்க்காமலேயே மூலத்துக்கு மாத்திரை எழுதுகிறவரிடம், "பார்க்கவில்லையே ஐயா?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

45 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக ரத்தம் வந்தால், பெருங்குடல் முழுவதையும் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி பற்றி டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும். மலம் போகும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தாலோ, ரத்தம் மலத்தோடு கலந்து வந்தாலோ, எடை இறங்கினாலோ, ரத்தசோகை இருந்தாலோ, தகப்பனார், தாயார், உடன்பிறந்தார் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தாலோ, வயதைக் காரணம் காட்டித் தள்ளிப் போடாதீர்கள். மலம் தார்போல் கறுத்துப் போனால், ரத்தம் நிற்காமல் கொட்டித் தலைசுற்றினால், அன்றைக்கே ஆஸ்பத்திரி! (இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.)

'எங்களுக்கென்ன, வயசுப் பிள்ளைகள்' என்று பின்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மன் 2020இல் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தபோது வயது 43. அமெரிக்காவில், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் 50லிருந்து 45ஆகக் குறைத்தார்கள். இந்நோய் பெரும்பாலும் பாலிப் எனும் சிறு சதைமொட்டாகத் தொடங்கும். புற்றாக மாற ஏறத்தாழ 10 ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் கண்டுவிட்டால், பார்க்கும் அதே குழாய் வழியாகவே பெரும்பாலும் அறுத்தெடுத்து விடலாம்.

பரிசோதனைக்கு முந்தின நாள் பேதி மருந்து கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்வார்கள். சிரமம் அதுதான். மயக்க ஊசி போடுவதால் அன்றைக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிடுங்கள், வண்டி ஓட்டாதீர்கள், வீட்டிலிருந்து யாராவது கூட வரட்டும்.