வீரியம் ஏன் குறைந்தது? – மாநாட்டுத் தலைமை உரை

செம்மறியாட்டையும் வெள்ளாட்டையும் தாக்கும் பாக்டீரியா நோய்களுக்கு உயிருள்ள தடுப்பூசி உருவாக்குவதே இம்மாநாட்டின் பொருள். இதற்குத் தலைமை ஏற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

உயிருள்ள கிருமியை நாம் நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. புருசெல்லா போன்ற கிருமிகள் ஆட்டின் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்பவை. கொன்ற கிருமியால் செய்த ஊசி எதிர்ப்பொருளை உண்டாக்கும். செல்லுக்குள் பதுங்கிய பகையை அழிக்க அது பெரும்பாலும் போதுவதில்லை. வீரியம் குன்றிய உயிர்க்கிருமியோ உடலில் சிறிது காலம் பெருகி, செல்வழி எதிர்ப்பாற்றலையும் தூண்டிவிடுகிறது. ஆனால் அந்தக் கிருமியின் வீரியம் எதனால் குன்றியது என்பதைத் தெரிந்துகொண்டுதான் அதை ஆட்டின் உடலில் செலுத்துகிறோமா? இந்த மாநாடு முழுவதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது என்று கருதுகிறேன்.

1881 மே மாதம் பிரான்சின் புயி-லெ-ஃபோர் பண்ணையில் லூயி பாஸ்டர் அடைப்பான் தடுப்பூசியை ஊரறியச் சோதித்தார். ஊசி போட்ட 24 செம்மறிகளும் நோயைத் தாங்கி நின்றன. போடாத 24 செம்மறிகளும் மாண்டன. அது மாபெரும் வெற்றி. ஆயினும் பின்னர் பரவலாகத் தயாரித்தபோது சில தொகுதிகள் ஆடுகளைக் கொன்றன, சில பாதுகாப்பே தரவில்லை. வீரியத்தை அளந்து நிலைநிறுத்தும் வழி அன்று கையில் இல்லை.

அந்த வழியை 1930-களில் தென்னாப்பிரிக்காவின் ஆண்டர்ஸ்டெபூர்ட்டில் மாக்ஸ் ஸ்டெர்ன் காட்டினார். உறையில்லாத அடைப்பான் கிருமியை அவர் பிரித்தெடுத்தார். உறையை உருவாக்கும் மரபணுக்களைத் தாங்கிய பிளாஸ்மிடு அதில் இல்லை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. இழந்தது இன்னதென்று நமக்குத் தெரியும்; 34எஃப்2 என்னும் அந்த வகை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நம் இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமும் அடைப்பான் ஸ்போர் தடுப்பூசியைத் தயாரித்து வருகிறது. ஆனாலும் வெள்ளாடுகளில் சில இந்த ஊசியைத் தாங்காமல் கடும் வீக்கம் காண்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது ரெவ்.1. 1950-களில் கலிஃபோர்னியாவில் எல்பெர்க்கும் அவருடைய குழுவினரும் ஸ்ட்ரெப்டோமைசின் வழியாகத் தேர்ந்தெடுத்த புருசெல்லா மெலிடென்சிஸ் வகை இது. ஆடுகளின் புருசெல்லோசிசுக்கு இதைவிடச் சிறந்த ஊசி இன்றும் இல்லை. ஆனால் சினையாட்டுக்குப் போட்டால் குட்டி வீசலாம், அதாவது கரு சிதையலாம். கிருமி பாலிலும் வெளிப்படலாம். கை தவறி ஊசி குத்தினால் மருத்துவரையே நோய் பற்றலாம். மனித நோய்க்குத் தரும் ஸ்ட்ரெப்டோமைசினும் அப்போது பயன்படாது. குட்டிகளின் கண்ணில் சொட்டாக இடும் முறை எதிர்ப்பொருள் நெடுநாள் நீடிப்பதைக் குறைத்தது. எனினும் இரத்தச் சோதனையில் தெரிவது நோயா ஊசியா என்ற குழப்பம் முற்றிலும் தீரவில்லை.

ஆடுகளைக் குட்டி வீசச் செய்யும் கிளமிடியா அபார்ட்டஸ் கிருமியின் 1பி தடுப்பூசி வகை தரும் பாடம் இன்னும் கடுமையானது. ஆட்டின் உடல் வெப்பத்தில் பெருக முடியாத வகை என்று நம்பி ஐரோப்பாவில் பல ஆண்டுகள் அதை ஆடுகளுக்குப் போட்டனர். ஊசி போட்ட ஆடுகள் சில குட்டி வீசியபோது அவற்றின் நஞ்சுக்கொடியில் அதே வகை கிடைத்தது. 2018-இல் வெளிவந்த மரபணுத் தொகுதி ஆய்வு, அதன் வீரியம் குறைக்கப்பட்டதற்குச் சான்றில்லை என்று காட்டியது.

ஆகவே இங்கே கட்டுரை படிக்கவிருப்போரிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, எந்த மரபணுவை நீக்கினீர்கள், அது மீளாது என்பதற்கு என்ன உறுதி என்று சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று தொலைவில் இரண்டு இடங்களில் நீக்குவது நன்று. மருந்தெதிர்ப்பு மரபணுவை அடையாளமாக விட்டுவைக்காதீர்கள். இரண்டாவது, ஊசியையும் நோயையும் பிரித்தறியும் சோதனையைத் தடுப்பூசியோடு சேர்த்தே உருவாக்குங்கள். மூன்றாவது, சினையாட்டிலும் பாலிலும் சோதித்துக் காட்டுங்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் ஆடு மேய்க்கும் கீதாரிகளின் கிடையில் சினையாடும் பாலாடும் குட்டியும் ஒன்றாகவே மேய்கின்றன. சினையாட்டை மட்டும் ஒதுக்கி ஊசி போடு என்று அவர்களிடம் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது.

நம் நாட்டில் 2019-இல் தொடங்கிய புருசெல்லோசிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 4 முதல் 8 மாத வயதுள்ள பெண் கன்றுகளுக்கு ஊசி போடுகிறது. ஆடுகள் அதில் சேரவில்லை. ஆடுதான் ஏழைக் குடும்பத்தின் அவசரச் செலவுக்குக் கைகொடுக்கும் சொத்து. ஆடு குட்டி வீசினால் வருமானம் போகிறது. வீசிய குட்டியைத் தொட்டுத் துடைத்த பெண்ணுக்கும் காய்ச்சல் தொற்றக்கூடும். இந்தக் குடும்பங்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. காரணம் தெரிந்து வீரியம் குறைத்த, கிடையில் அச்சமின்றிப் போடத்தக்க ஒரு தடுப்பூசியால்தான் அதைத் தீர்க்க முடியும். அந்த வேலைக்கு உங்கள் அனைவரையும் அழைத்து, இம்மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.