மணி அடித்த பிறகும் ஒரு மணி நேரம்

இன்று பி.எட். பட்டம் பெறும் இளம் ஆசிரியர்களே,

முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்தியவள் நான். இங்கே பேச அழைத்தபோது, ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று உங்கள் கல்லூரி முதல்வரிடம் கேட்டுக்கொண்டேன். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் தருகிறோம். சொல்வதை எழுத ஒருவரைத் தருகிறோம். இது மற்ற பிள்ளைகளுக்கு நியாயமா? ஆசிரியர் அறையில் இந்தக் கேள்வி எழாத பள்ளியை நான் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு உங்களிடமும் கேட்பார்கள்.

1998ஆம் ஆண்டு. காவிரிக் கடைமடையில் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எந்த மதகைத் திறந்தால் எந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறும், முறை வைத்து விடும்போது அவன் ஊருக்கு எத்தனையாவது நாள் தண்ணீர் வரும், மேல்மடைக்காரர்கள் அடைத்துவிட்டால் கடைமடையில் நாற்று என்ன ஆகும் என்பதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். பாடப்புத்தகத்தில் இல்லாததை நான் அவனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வில் தமிழ்நாட்டின் பாசன முறைகளைப் பற்றி ஒரு நெடுவினா வந்தது. அன்று அறைக் கண்காணிப்பும் நான்தான். மணி அடித்ததும் அவன் கையிலிருந்து விடைத்தாளை இழுத்து வாங்கினேன். பேனா முனை தாளில் ஒரு கோடு கிழித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. மூன்று சிறுவினாக்களுக்கு அடித்தும் திருத்தியும் எழுதியிருந்தான். பாசனக் கேள்விக்கு எண்ணை மட்டும் போட்டு, அதன் கீழே ஒரு பக்கத்தை ஒதுக்கி வைத்திருந்தான். அந்தப் பக்கம் காலியாக இருந்தது. சிவப்பு மையால் ‘முயற்சி போதாது’ என்று எழுதினேன்.

மறுவாரம் அவன் அம்மா வந்தார். “வீட்ல கேட்டா எல்லாத்தையும் வாயால சொல்றான் டீச்சர். எழுதறப்பதான் என்னமோ ஆயிடுது” என்றார். “வாயால சொன்னா மார்க் போட முடியுமாம்மா? எழுதணும்ல” என்றேன். பேசி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் அவன் தவறினான். பிறகு பள்ளிப் பக்கம் வரவில்லை.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். பதினான்கு வயதுப் பையன். கூர்மையானவன், கண்ணில் கோளாறு இல்லை, ஆனால் சொற்களைப் படிக்க வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதை மார்கன் அதில் பதிவு செய்திருக்கிறார். டிஸ்லெக்சியா பற்றிய மிகத் தொடக்ககாலக் குறிப்புகளில் அது ஒன்று. பல ஆண்டுகள் கழித்து, ஒரு பணியிடைப் பயிற்சியில் அதைப் பற்றிக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த ஆசிரியருக்கும் எனக்கும் இடையே நூற்றிரண்டு ஆண்டுகள். அவர் பார்த்ததைத்தான் அந்த அம்மா வந்து என்னிடம் சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தமிழ் எழுத்து ஒலிக்கு நெருக்கமானது, இதில் அந்தச் சிக்கல் வராது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வரும். ‘கே’ என்று எழுதிப் பாருங்கள். காதுக்கு ‘ஏ’ பின்னால் கேட்கிறது, கண்ணுக்குக் கொம்பு முன்னால் நிற்கிறது. ‘கொ’ என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. ‘கடல்’, ‘பகல்’, ‘சங்கு’ மூன்றிலும் இருப்பது ககரம்தான், ஒலியோ மூன்று விதம். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. நமக்குப் பழகிப்போய்விட்ட இந்தப் படிகளை ஒவ்வொரு சொல்லிலும் புதிதாக ஏற வேண்டியிருக்கும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் களைத்துப் போகிறது. பாடம் தெரியாததால் வரும் களைப்பில்லை அது.

இப்போது நியாயத்துக்கு வருகிறேன்.

ஒரே கேள்வித்தாள், ஒரே அறை, ஒரே மூன்று மணி நேரம், அதுதான் சமம் என்பது முதல் வாதம். நான் திருப்பிக் கேட்பேன்: அந்தத் தேர்வு எதை அளக்கிறது? தட்டச்சுத் தேர்வு என்றால் வேகத்தைத்தான் அளக்கிறது. அதில் நேரத்தை நீட்டினால் தேர்வே பொருளற்றுப் போகும். அங்கே கூடுதல் நேரம் கேட்டு நான் வாதாட மாட்டேன். ஆனால் பாசன முறைகளை விளக்குக என்ற கேள்வி வேகத்தைக் கேட்கவில்லை, விளக்கத்தைக் கேட்கிறது. அந்தப் பையனிடம் நான் அளந்தது அவன் கை எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதை. மதிப்பெண் பட்டியலில் அதைச் ‘சமூக அறிவியல்’ என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். அது தவறான பதிவு.

பொதுத்தேர்வில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேள்வித்தாளைப் படித்துப் பார்க்கப் பத்து நிமிடம் தருகிறோம். படிப்பதற்கு நேரம் பிடிக்கும், அது எழுதும் நேரத்தைத் தின்னக் கூடாது என்று தேர்வுத் துறையே ஒப்புக்கொண்டதால் வந்த ஏற்பாடு. அதே பத்து நிமிடத்தில் கேள்வித்தாளின் முதல் பக்கத்தைத் தாண்ட முடியாத பிள்ளைக்கும் அந்த நியாயம் பொருந்த வேண்டாமா?

இரண்டாவது வாதம் வலுவானது. கூடுதல் நேரம் கொடுத்தால் யாருக்குத்தான் மதிப்பெண் ஏறாது என்கிறார்கள். உண்மைதான். நேர நெருக்கடி உள்ள தேர்வுகளில் குறைபாடு இல்லாத மாணவர்களுக்கும் கூடுதல் நேரம் உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. எல்லாப் பிள்ளைகளையும் மூச்சிரைக்க ஓட வைக்கும் கேள்வித்தாளை நாம் தயாரிக்கிறோம் என்றுதான் அது சொல்கிறது. நாளை நீங்கள் கேள்வித்தாள் எடுக்கும்போது, உங்கள் வகுப்பின் நடுத்தர மாணவி இரண்டரை மணியில் முடிக்கக்கூடியதாக எடுங்கள். நேரம் குறித்த மனக்கசப்பில் பாதி அங்கேயே கரையும்.

மூன்றாவது, ஏமாற்று. 2019இல் அமெரிக்காவில் வெளிவந்த கல்லூரிச் சேர்க்கை மோசடியில், வசதியான பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகச் சான்று வாங்கி, கூடுதல் நேரத்தையும் தனித் தேர்வு மையத்தையும் மோசடிக்குப் பயன்படுத்தினார்கள். வெட்கக்கேடு. ஆனால் அதே நாட்டின் இன்னொரு நிகழ்ச்சியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1990களில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் உயர் பொறுப்பில் இருந்த ஜான் வெஸ்ட்லிங், கற்றல் குறைபாட்டுச் சலுகைகளைக் கண்டித்துப் பேசும்போது, வகுப்பில் தூங்கிவிடுவேன் என்று சொல்லி உதவி கேட்ட ‘சமந்தா’ என்ற மாணவியின் கதையைச் சொன்னார். மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குத் தொடுத்தபோது, அப்படி ஒரு மாணவியே கிடையாது, அவள் தன் கற்பனை என்று ஒப்புக்கொண்டார். 1997இல் தீர்ப்பு வந்தது. மாணவர்கள் சிலருக்கு இழப்பீடும் கிடைத்தது. பொய்ச் சான்று வாங்கியவர்கள் இருந்தார்கள். இல்லாத பெண்ணைக் காட்டி இருக்கும் பிள்ளைகளைத் தடுத்தவர்களும் இருந்தார்கள்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கியது. டிஸ்லெக்சியா, எழுதுவதில் வரும் டிஸ்கிராபியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா எல்லாம் அதில் உண்டு. 17ஆம் பிரிவு தேர்வு முறையை மாற்றியமைக்கச் சொல்கிறது: கூடுதல் நேரம், எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு. மொழி விலக்கில் மட்டும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. தேர்விலிருந்து விலக்கப்பட்ட பிள்ளையை நாம் மெல்ல அந்த வகுப்பிலிருந்தும் விலக்கிவிடுகிறோம். கதை கேட்கவும் பாட்டுச் சொல்லவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது. விலக்கு வாங்கிய பிள்ளையையும் தமிழ் வகுப்பில் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘டிஸ்லெக்சியா மாணவர்களுக்குச் சலுகை’ என்றுதான் செய்தித்தாள்கள் எழுதுகின்றன, நாமும் அப்படித்தான் பேசுகிறோம். சற்று முன் நானும் அதே சொல்லைத்தான் சொன்னேன். மத்திய அரசு 2018இல் வெளியிட்ட தேர்வு வழிகாட்டுதல், கூடுதல் நேரம் என்ற சொல்லையே விட்டுவிட்டு ஈட்டு நேரம் என்ற பொருள்படும் சொல்லை வைத்தது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல், மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். இழந்ததற்கு ஈடு. சலுகை என்றால் கொடுப்பவர் மனம் வைக்க வேண்டும்.

சட்டம் இருந்தும் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு வழக்கு. 2021 நீட் தேர்வில் டிஸ்கிராபியா உள்ள ஒரு மாணவிக்கு அந்த ஒரு மணி நேரம் உரிமை இருந்தது. மையத்தில் மற்றவர்களோடு சேர்த்து அவருடைய விடைத்தாளையும் வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே ஆண்டு நவம்பரில் வந்த தீர்ப்பு, அவருக்கு அநீதி நடந்தது என்று சொன்னது, அதைச் சரிசெய்யும் வழியைப் பார்க்கும்படி தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஓர் அறையின் வாசல்வரை வந்து, உள்ளே போக முடியாமல் நின்றுவிட்டது. மணி அடித்ததும் தாளை வாங்க நீண்ட அந்தக் கை எனக்குத் தெரிந்த கைதான். நாளை கண்காணிப்புப் பணியில் அந்த இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். அறைக்குள் போகும் முன் யாருக்கு என்ன ஆணை இருக்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படும் அநியாயம் வேறொன்று. தேர்வு அறையில் ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைப்பதைப் பார்த்து நாம் சண்டை போடுகிறோம். அதே அறையில், அதே தேவை உள்ள இன்னொரு பிள்ளை, சான்றிதழ் இல்லாததால் மணி அடித்ததும் எழுந்து போவதை யாரும் பார்ப்பதில்லை. சான்றிதழுக்குச் சோதனைகள் வேண்டும், உளவியல் நிபுணர் வேண்டும், நகரத்துக்கு நான்கு முறை அலைய வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். கருவிகளும் தமிழுக்குத் தாமதமாகத்தான் வருகின்றன. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையம் டிஸ்லெக்சியாவைக் கண்டறிய ‘டாலி’ என்ற கருவியை வெளியிட்டபோது, இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் அது வந்தது. முதல் பட்டியலில் நம் மொழி இல்லை. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்றவர்கள் பல்லாண்டுகளாக உழைக்கிறார்கள். கடைமடையிலிருந்து சென்னை வெகு தூரம்.

குறைபாட்டை மதிப்பிட மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் முதல் வேலையை மருத்துவரிடம் கொடுக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்குள், அல்லது எட்டு வயதுக்குள், பள்ளி ஆசிரியரே கண்டறிந்து அனுப்ப வேண்டும் என்றது. அதைத் தவறவிட்ட பிள்ளைகள்தான் ஒன்பதாம் வகுப்பில், பத்தாம் வகுப்பில் உங்கள் முன் வந்து உட்காருவார்கள். அப்போதும் காலம் கடந்துவிடவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும். என்றாவது ஒரு நாள், வேலைக்குப் போகும் வழியில் ஓர் அம்மா உங்கள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்பார். பிள்ளை வாயால் சொல்கிறான், எழுத வரவில்லை என்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். தேதி போடுங்கள், கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பிள்ளையின் கோப்பில் முதல் தாள் அதுவாக இருக்கட்டும்.