நாட்குறிப்பு யாருக்காக?



எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிற் பலர் தமக்கெனக் குறிப்பேடு ஒன்றை வைத்திருப்பர். அன்றன்று நிகழ்ந்தனவும் மனத்தில் எழுந்தனவும் அதிலே இடம்பெறும். ஆண்டுகள் சென்று ஏடுகள் பெருகியபின், "இவற்றை யாருக்காக எழுதிவருகிறோம்?" என்னும் வினா ஒருநாள் எழுந்தே தீரும். "எனக்காக" என்பர் சிலர். "உலகத்துக்காக" என்பர் வேறு சிலர். இவ்விரு விடைகளுக்கும் இடையே மூன்றாவது விடை ஒன்றும் உண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிலே வாழ்வோருக்கு அந்த மூன்றாவது விடையே இன்று மிகவும் வேண்டப்படுவது என்பதை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில், தமக்கென எழுதிவந்த ஒருவரை நோக்குவோம். புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நாட்குறிப்பைத் தொடங்கி, 1761இல் தாம் மறையும் காலம்வரை எழுதினார். அவர் வணிகர், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாகவும் விளங்கியவர். கப்பல் வந்த நாள், சரக்கின் விலை, ஆளுநருடன் நிகழ்ந்த உரையாடல், ஊரில் உலவிய வதந்தி, தம் மனக்கசப்பு ஆகிய யாவும் அவர் ஏட்டிலே உள்ளன. 1846இல் அவ்வேடுகள் கண்டெடுக்கப்பட்டன. 1904 முதல் 1928 வரை அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புப் பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையிலே வெளிவந்தது. அக்காலத்துத் தென்னிந்திய வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நாட்குறிப்பைப் புறக்கணிக்க இயலாது. அதன் பெருமை உயர்ந்த தத்துவங்களால் வந்ததன்று. தேதியும் விலையும் பெயரும் பேச்சும் பிறழாது பதிந்திருப்பதால் வந்தது.

ஆயினும் பிள்ளையவர்கள் செல்வர். ஏட்டைக் காக்க அவருக்கு மாளிகை இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலே, கூரை ஒழுகும் மழைக்காலத்தில், "எனக்காக" என்று எழுதிய ஏடு எழுதியவர் காலத்துக்கு முன்னரே கரைந்துவிடும். அது வேறொருவருக்கும் உரியது என்று வீட்டார் அறிந்தாலன்றி அதனை எவரும் பேணார்.

இனி, உலகத்துக்காக எழுதியவரைக் காண்போம். வட்டகொடைப் பகுதியில் மடக்கும்புரத் தோட்டத்திலே 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற கவிதை நூலையும், 1970இல் 'போர்ன் டு லேபர்' என்ற உரைநடை நூலையும் ஆங்கிலத்தில் எழுதினார். தோட்டத்தின் துயரை அறியாதிருந்தவர்களுக்கு அந்நூல்கள் அதனை அறிவித்தன. ஆனால் அவற்றிலே பாடப்பெற்ற கொழுந்து பறிக்கும் பெண்ணோ அவற்றைப் படிக்க இயலாதவள். வேலுப்பிள்ளை தமிழிலும் எழுதினார். 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்' ஆகிய நாவல்களைத் தந்தார். தோட்ட மக்கள் வாய்வழியாகப் பாடிவந்த தாலாட்டையும் தொழிற்பாட்டையும் ஒப்பாரியையும் தேடித் தொகுத்தார். எழுத்தறியாதவர்களின் நாட்குறிப்பு அப்பாடல்களே அல்லவா? எவரைப் பற்றி எழுதினாரோ அவரிடமே எழுத்தைக் கொண்டுவந்து சேர்த்தார் என்று இதனைச் சொல்லலாம்.

தோட்டங்களிலே எழுத்துக்குக் குறைவிருந்ததில்லை. கொழுந்தின் நிறையும், இறப்பர்ப் பாலின் அளவும், கடனும் அரிசியும் நாள்தோறும் எழுதப்பட்டன. செக்ரோலில் தொழிலாளியின் பெயர் தவறாது இருந்தது. நாட்கூலியையே "பேர்" என்று வழங்கும் மக்கள் நாம். அரைநாள் உழைத்தவருக்கு "அரைப்பேர்" விழுந்தது. பெயர் ஏட்டிலே இருந்தது, ஆள் இருந்தாரில்லை. அவ்வேட்டை எழுதியவரும் நாமல்லர், படித்தவரும் நாமல்லர்.

இதன் விளைவு சிறிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன்னர், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையைக் காட்டவேண்டும் என்றது. பிறந்த மண்ணிலே வாழ்ந்தமைக்குச் சான்று தேடி மக்கள் அலைந்தனர். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் முடிவாவதற்கு விடப்பட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின்னரே எஞ்சியோர் குறை பெரிதும் தீர்ந்தது. ஒரு குடும்பத்தின் கையேடு சட்டத்தையே மாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் எந்தக் கப்பலேறி வந்தார், எந்தத் தோட்டத்திலே எவருக்குப் பிறந்தார், எவர் எந்த ஆண்டு தலைமன்னார் வழியே பிரிந்து சென்றார் என்பதைச் சொல்ல இயலாத பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் உள்ளனர். இந்த வெறுமையை நிரப்பக்கூடியவர் வேறு எவருமிலர்.

ஆகவே, மூன்றாவது விடை இதுதான்: நம் பேரப்பிள்ளைகளுக்காக எழுதுவோம்.

வாசகர் மாறினால் எழுத்தும் மாறும். எமது பாடசாலையில் "எங்கள் தோட்டம்" என்று கட்டுரை எழுதச் சொன்னால், எல்லாக் கொப்பிகளிலும் ஒரே இயற்கை எழில் கொஞ்சும். ஒரே நீரோடை சலசலக்கும். எழுபதுகளில் நீலகிரிக்குச் சென்றுவிட்ட பாட்டியின் தங்கைக்குக் கடிதம் எழுதுங்கள் என்றேன். "நீங்கள் இருந்த காம்பராவில் இப்போது யார் இருக்கிறார்கள் தெரியுமா?" என்று ஒரு மாணவி தொடங்கினாள். பிரட்டுக்களத்து மாமரம் விழுந்ததையும், பழைய கோவிலுக்குத் தகரம் போட்டதையும், பால் வெட்டுவதற்கு ஆள் குறைந்ததையும் எழுதினாள். பிள்ளை அதே பிள்ளைதான். படிப்பவர் இன்னாரென்று தெரிந்ததும் கண் திறந்துகொண்டது.

"அப்படியானால் மனத்துயரை ஆற்றிக்கொள்வதற்கு எழுதலாகாதா?" என்று நேயர்கள் வினவக்கூடும். தாராளமாக எழுதலாம். அதற்கு வேறோர் ஏடு இருக்கட்டும். அயலாரின் மானத்தைப் பாதிக்கும் செய்திகளும் கோபத்தில் எழுந்த சொற்களும் பேரப்பிள்ளைகளுக்குரிய சொத்தல்ல.

அவர்களுக்குரிய ஏட்டிலே தேதியும் இடமும் முழுப்பெயரும் முதலில் வரட்டும். எட்டியாந்தோட்டையிலாயினும் பலாங்கொடையிலாயினும், தோட்டத்தின் பெயரோடு டிவிசனின் பெயரையும் லயத்தையும் எழுதுங்கள். அன்றைய கூலியையும் அரிசியின் விலையையும் எழுதுங்கள். தொழிலோடு வாழ்ந்து தொழிலோடு மறையும் சொற்களை விளக்கி வையுங்கள். ஒட்டுப்பால் என்பது என்ன, சிரட்டை எங்கே கட்டப்படும், பிள்ளைக்காம்பராவிலே குழந்தையை யார் பார்த்துக்கொண்டார், இஸ்தோப்பிலே மாலையில் என்ன பேச்சு நடந்தது என்பன இன்று எல்லோருக்கும் தெரிந்தவை. எல்லோருக்கும் தெரிந்ததென்று எவரும் எழுதாமல் விடுவதே முதலில் மறைந்துபோகும்.

ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. நம் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. அண்மையிலே தமிழில் உயர்வகுப்பு இல்லாமையால் சிங்கள மொழியிற் கல்வி பெறும் பிள்ளைகளும் உளர். சிங்களம் நாம் நன்கு கற்கவேண்டிய மொழியே, அதிலே குறையொன்றுமில்லை. ஆனால் தாத்தா தமிழில் எழுதியதைப் பேரன் படிப்பானா என்ற கவலை மெய்யானது. அதற்கு ஒரு வழி, எழுதியதைப் பெட்டியிலே பூட்டாமல் வாரத்தில் ஓரிரவு பிள்ளைகளை அருகிருத்தி உரக்கப் படித்துக்காட்டுவதாகும். எழுத்தை அறியாத செவியும் மொழியை அறியும். கேட்ட பிள்ளை கேள்வி கேட்கும். அக்கேள்விக்கு விடையாக அடுத்த பக்கம் எழுதப்படும். தன் குடும்பத்தின் பெயர்கள் அடங்கிய ஏட்டைத் தானே படிக்கவேண்டும் என்ற ஆசையினும் சிறந்த தமிழாசிரியர் அப்பிள்ளைக்கு வாய்ப்பது அரிது.

செக்ரோலை எழுதியவர் எத்தனை பேர் வேலைக்கு வந்தனர் என்று கணக்கிட்டார். வந்தவர் யார் என்று எழுதுவது நம் பொறுப்பு. ஒரு கொப்பியும் ஒரு பேனையும் அதற்குப் போதும்.