முதல் திங்கட்கிழமை
(நூற்றாண்டு நன்றி வழிபாட்டிற் பழைய மாணவியர் செபக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



செபக் குழுவைப் பற்றிச் சில நிமிடம் பேசுங்கள் என்று கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கட்டட நிதி, விளையாட்டுப் போட்டி என்றால் படமாவது காட்டலாம். மாதத்தில் ஒரு மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதை எப்படிப் படம் எடுப்பது?

மாதத்தின் முதல் திங்கட்கிழமை நாங்கள் கூடுகிறோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சபையார் தங்கள் மிஷனரிமாருக்காக ஒன்றுகூடிச் செபித்த நாள் அது. அந்தச் செபங்களில் எங்கள் ஊர்ப் பெயர்களும் அடிபட்டன: தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு. ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1819இல் பொஸ்ரனிற் கப்பலேறி அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். 1824இல் உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். 1833இல் அங்கேயே காலமானார். அந்த நாளிற் கடிதம் கடல் கடக்க மாதக்கணக்காகும். அவரை அடக்கம் செய்து பல மாதங்களாகியும் அங்கே பெண்கள் அவருடைய சுகத்துக்காகச் செபித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். எங்கள் குழுவில் ஒருவர் இதைச் சொன்ன மாலை, வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை.

அந்த அன்பில் ஒரு குறையும் இருந்தது; நூற்றாண்டு விழா என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. விடுதிப் பிள்ளையின் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர், தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம். வீட்டில் ஒரு பெயர், விடுதியில் முன்பின் அறியாத யாரோ ஒருவரின் பெயர். இருளில் கிடப்பவர்கள் என்று எங்களைப் பற்றி எழுதினார்கள். எழுத்தறிவித்தவர்களும் அவர்கள்தான், பெயரை மாற்றியவர்களும் அவர்கள்தான். அதேவேளை எலைசா அக்னியூ அம்மையாரையும் நினைக்கிறோம். 1840இல் வந்தவர், 1883இல் இங்கேயே கண்மூடும்வரை ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. ஆயிரம் மகள்மாரின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். மகள்மாரைப் பெயர் சொல்லி அறிந்திருந்தவர் அவர்.

இதனால் எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு வந்தது. ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி, "அங்குள்ள ஏழைகளை ஆசீர்வதியும்" என்று முடிக்கக் கூடாது. செபத்தை நடத்துபவர் அந்த இடத்தைப் பற்றி விசாரித்து வரவேண்டும். என்ன பேசுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், இந்த வருடம் மழை பெய்ததா, ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறதா, அங்கே வேலை செய்யும் மிஷனரித் தாதியின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள். மூத்தவர்கள் பழைய அட்லஸைக் கொண்டு வருவார்கள். இளையவர்கள் போனைத் தட்டுவார்கள். அட்லஸில் இல்லாத நாடுகளும் இப்போது இருப்பதால் சில நேரம் வாக்குவாதமும் நடக்கும்.

வாங்கியவர்களாக மட்டும் நம்மவர் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமநாதபுரத்துக் கரையிலுள்ள தொண்டிக்கு யாழ்ப்பாணத்து மாணவர்கள் தங்கள் மிஷனரிமாரை அனுப்பினார்கள். எங்கள் அம்மம்மாமார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று பானையில் எடுத்து வைத்தார்கள். சோறு குறைந்த வீட்டிலும் அந்தப் பானை இருந்தது.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். எங்களில் நால்வர் மீசாலையில் ஒரு மாமரத்தின் கீழ் முதல் திங்களைக் கடைப்பிடித்தோம். வெளிநாட்டுக்காக அன்று செபித்தோமா என்று கேட்காதீர்கள். மழை நிற்கவேண்டும் என்றுதான் செபித்தோம். பல மாதங்களுக்குப் பிறகு, நாங்கள் கண்டிராத ஒரு சபைப் பெண்களிடமிருந்து கடிதம் வந்தது. அதே வாரங்களில் யாழ்ப்பாணத்துக்காகச் செபித்தார்களாம். ஊர்ப் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். ஆனாலும் அந்தக் கடிதத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கிழியும்வரை வாசித்தோம்.

கடைசியாக ஒன்று. சொல்ல அனுமதி பெற்றே சொல்கிறோம். எங்களில் ஒருவரின் மகன் 2009இற் காணாமற்போனவன். "எங்கட பிள்ளையளுக்கே ஒரு முடிவில்லை, பிறகேன் பிற நாட்டாருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நாங்கள் மறுமொழி சொல்லவில்லை. என்னத்தைச் சொல்வது?

2024 மார்ச் முதல் வெள்ளி, பெண்களின் உலக செப தினம். ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் வழிபாட்டை எழுதுவார்கள். அந்த ஆண்டு பலஸ்தீனக் கிறிஸ்தவப் பெண்களின் முறை. காசாவில் யுத்தம் தொடங்குமுன்பே எழுதி முடித்திருந்தார்கள். நாங்கள் அழைக்காமலே அவர் வந்து பின்வாங்கில் இருந்தார். "அங்கையும் தாய்மார் பிள்ளையளைத் தேடினமோ?" என்று மெல்லக் கேட்டார். ஓம் என்றோம். பொதுச் செப நேரத்தில் எழும்பினார். அந்தப் பிள்ளைகளின் பெயர் அவருக்குத் தெரியாது. தன் மகனுடைய பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றார். ஆமென் சொல்ல எங்களுக்கு நேரம் எடுத்தது.

வருகிற முதல் திங்களுக்குச் சூடானைப் பற்றி விசாரித்து வரும் பொறுப்பை அவரே கேட்டு எடுத்திருக்கிறார். பின்னேரம் நாலரை மணி, விடுதிக்குப் பின்னாலுள்ள சிற்றாலயம். அட்லஸ் இருக்கிறது, மூக்குக்கண்ணாடியை மறவாமற் கொண்டு வாருங்கள்.